ஹோல்டிங் வட்டத்தில் விமானம் என்ன வேகத்தில் பறக்கிறது? ஏன்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த அவருடைய அம்மா, பெங்களூரு வழியாகத் திரும்பி வந்தார்கள். அன்று மாலை பெங்களூரில் நல்ல மழை. வீட்டிலிருந்தபடியே ஃப்ளைட்ராடார்24 செயலியில் தம்பி பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ஏர்பஸ் ஏ320 ஓசூருக்குத் தெற்கே 12,000 அடியில் ஒரே நீள்வட்டத்தை நான்கு முறை சுற்றியிருக்கிறது. தரையிறங்க முறை வரும்வரை இப்படிச் சுற்றிக் காத்திருப்பதைத்தான் ஹோல்டிங் என்பார்கள். மேற்கே போகும்போது செயலி காட்டிய வேகம் 210, கிழக்கே திரும்பினால் 290. "பைலட் ஒரு பக்கம் வேகத்தைக் கூட்டி மறுபக்கம் குறைக்கிறாரா? சும்மா காத்திருப்பதற்கு, முடிந்தவரை மெதுவாகப் பறந்து எண்ணெயை மிச்சம் பிடிக்கலாமே? இன்ஜின் சத்தம் ஏறி ஏறி இறங்கியதாக அம்மா பயந்துபோய்ச் சொன்னார்கள், ஏதாவது கோளாறா?" இவைதான் கேள்விகள்.

நான் தர்மபுரிக்காரன். விமான நிறுவனத்தில் டிஸ்பாட்ச் பிரிவில், அதாவது ஒவ்வொரு பயணத்துக்கும் பாதையும் எரிபொருளும் கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தவன். விமானம் ஓட்டியவன் இல்லை. ஆனால் ஓட்டுபவர்கள் எந்த வேகத்தில் காத்திருப்பார்கள், அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதுதான் எங்கள் கணக்கின் பெரும்பகுதி.

முதல் கேள்விக்கு நேரடி பதில்: பைலட் வேகத்தைத் தொடவே இல்லை. செயலி காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். விமானத்தின் இறக்கைக்கு அந்த வேகம் தெரியாது, தன் மேல் பாயும் காற்று மட்டும்தான் தெரியும். 210-ஐயும் 290-ஐயும் கூட்டிப் பாதியாக்குங்கள், 250 வருகிறது. அதுதான் காற்றுக்குள் விமானம் பறந்த உண்மை வேகம். வித்தியாசத்தில் பாதி 40. அதுதான் அன்று அந்த உயரத்தில் மேற்கிலிருந்து வீசிய காற்று. எதிர்த்துப் போகும்போது 40 கழிகிறது, கூடப் போகும்போது 40 கூடுகிறது. எல்லாமே நாட் கணக்கு, ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

இன்னொரு படி இருக்கிறது. காக்பிட்டில் பைலட் பார்க்கும் வேகமானி 250-ம் காட்டாது. அது காற்று மோதும் அழுத்தத்தை அளந்து காட்டும் கருவி. மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைவதால் கருவி குறைவாகவே காட்டும். 12,000 அடியில் உண்மை வேகத்துக்கும் கருவி வேகத்துக்கும் ஏறக்குறைய 20 சதவீத வித்தியாசம். ஆகவே அம்மா வந்த விமானத்தின் வேகமானி 209 அல்லது 210 நாட்டில் நின்றிருக்கும், நான்கு சுற்றிலும் பெரிதாக அசைந்திருக்காது. இறக்கைக்கு முக்கியம் இந்தக் கருவி வேகம்தான். இனிமேல் நான் வேகம் என்று சொன்னால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

209 எங்கிருந்து வந்தது? ஏ320-இல் வேகமானியின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். பேச்சிலும் அதை 'கிரீன் டாட்' என்றுதான் சொல்வார்கள். ஃப்ளாப், அதாவது மெதுவாகப் பறப்பதற்காக இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் பலகை, எதுவும் இறக்காத நிலையில், காற்றின் இழுவை மிகக் குறைவாக இருக்கும் வேகம் அது. 20,000 அடிக்குக் கீழே அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: டன்னில் எடையை இரண்டால் பெருக்கி 85 கூட்ட வேண்டும். ஆள், பெட்டி எல்லாம் நிறைந்து, தரையிறங்கும் நேரத்தில் ஒரு ஏ320 சுமார் 62 டன் இருக்கும். 124 கூட்டல் 85, 209. 20,000 அடிக்கு மேலே ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஒரு நாட் கூட்டிக்கொள்ள வேண்டும். போயிங் 737-இல் கம்ப்யூட்டரின் ஹோல்டு பக்கத்திலேயே சிறந்த வேகம் இவ்வளவு என்று எழுதி வரும். அது இல்லாத நேரத்தில், ஃப்ளாப் இறக்காமல் தாராளமாகத் திரும்பக்கூடிய குறைந்தபட்ச வேகத்தை எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, தம்பி. இதைவிட மெதுவாகப் போனால் என்ன? இதில்தான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

காற்றின் இழுவை இரண்டு வகை. ஒன்று, உடம்பும் இறக்கையும் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் வருவது. வேகம் இரட்டித்தால் இது நான்கு மடங்காகும். இரண்டாவது, எடையைத் தூக்கிப் பிடிப்பதற்கான விலை. வேகம் குறையும்போது அதே 62 டன்னைத் தூக்க இறக்கை மூக்கை மேலே நிமிர்த்திக் காற்றை அதிகமாகக் கீழே தள்ள வேண்டியிருக்கிறது. அந்த நிமிர்ந்த நிலையே ஒரு இழுவை. இது நேர்மாறு: வேகம் பாதியானால் நான்கு மடங்காகும். இரண்டையும் கூட்டி வரைந்தால் ஒரு கிண்ணம் போன்ற வளைவு கிடைக்கும். இரண்டு இழுவையும் சமமாக இருக்கும் இடம்தான் அதன் அடி. ஜெட் இன்ஜினில் எரிபொருள் செலவு ஏறக்குறைய உந்துவிசையின் அளவிலேயே போகும். சமமட்டத்தில் உந்துவிசையும் இழுவையும் ஒன்றுதான். ஆகவே கிண்ணத்தின் அடியில் பறந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஆகும் எண்ணெய் மிகக் குறைவு. அதற்குக் கீழே மெதுவாகப் போனால் எண்ணெய் மிச்சமாகாது, கூடுதலாக எரியும்.

கிண்ணத்தின் இடப்பக்கம், அதாவது மெதுவான பக்கம், இன்னொரு தொந்தரவும் இருக்கிறது. அடிக்கு வலப்பக்கம் பறக்கும்போது, ஒரு காற்று அலையில் வேகம் சிறிது குறைந்தால் இழுவையும் குறையும், விமானம் தானாகவே பழைய வேகத்துக்கு வந்து நிற்கும். இடப்பக்கம் இது தலைகீழ். வேகம் குறைந்தால் இழுவை கூடும், அதனால் வேகம் இன்னும் குறையும். இன்ஜினைத் தொடர்ந்து ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால்தான் வேகம் நிற்கும். இறக்கையால் எடையைத் தூக்க முடியாமல் போகும் ஸ்டால் எனப்படும் எல்லையும் அந்தப் பக்கம்தான் காத்திருக்கிறது. சும்மா காத்திருப்பதற்காக யாரும் அந்தப் பக்கம் போய் உட்கார மாட்டார்கள்.

ஆனால் அந்த அடி எவ்வளவு தட்டை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பச்சைப் புள்ளியை விட 10 சதவீதம் வேகமாக, அதாவது 230 நாட்டில் பறந்தால், முதல் வகை இழுவை 21 சதவீதம் கூடுகிறது, இரண்டாவது வகை 17 சதவீதம் குறைகிறது. மொத்தத்தில் கூடுவது வெறும் 2 சதவீதம்தான். 20 சதவீதம் வேகமாகப் போனால்தான் ஏறத்தாழ 7 சதவீதம் ஆகிறது. ஏ320 இப்படிச் சுற்றும்போது மணிக்குச் சுமார் 2 முதல் 2.4 டன் எண்ணெய் எரிக்கும். அதில் 2 சதவீதம் என்றால் நாற்பத்துச் சொச்சம் கிலோ, அதுவும் ஒரு முழு மணி நேரத்துக்கு. ஆகையால் 209 சரியா, 213 சரியா என்று நாலு நாட் வித்தியாசத்துக்காக அடித்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை. ஐந்து நாட் கூடுதலாக வைத்துக்கொள்பவர் எண்ணெயை வீணாக்குபவர் அல்ல, நிம்மதியை மலிவாக வாங்குபவர் என்பது என் கருத்து. காற்று ஆட்டம் இருக்கும் நாளில் இன்னும் கொஞ்சம் கூட்டினாலும் தப்பில்லை.

சரி, அப்படியானால் மேல் எல்லை எது? வேகமாகப் போனால் எண்ணெய் கொஞ்சம்தான் கூடும் என்றால் 270-இல் சுற்றலாமா? கூடாது. இங்கே தடுப்பது எண்ணெய்க் கணக்கு அல்ல, இடக் கணக்கு. ஒவ்வொரு ஹோல்டிங் வட்டத்தைச் சுற்றியும் வானத்தில் ஒரு பாதுகாப்பு எல்லை வரைந்திருக்கிறார்கள். அதற்குள் மலை இருக்கக் கூடாது, பக்கத்து வட்டம் வரக் கூடாது, மற்ற விமானப் பாதை குறுக்கே ஓடக் கூடாது. அந்த எல்லை ஒரு குறிப்பிட்ட அதிகபட்ச வேகத்தை வைத்துத்தான் வரையப்படுகிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி ஜெட் விமானங்களுக்கு 14,000 அடி வரை 230 நாட், அதற்கு மேல் 20,000 வரை 240, அதற்கு மேல் 34,000 வரை 265. அதையும் தாண்டினால் ஒலி வேகத்தில் 0.83 பங்கு. ஒரு வட்டத்துக்கு வரைபடத்தில் தனியாக வேகம் அச்சிட்டிருந்தால் அதுதான் செல்லும். அமெரிக்காவில் அட்டவணை வேறு: 6,000 அடி வரை 200, 14,000 வரை 230, அதற்கு மேல் 265.

வேகம் கூடினால் இடம் எவ்வளவு பெருக்கும் என்று பாருங்கள். ஹோல்டிங்கில் திரும்பும்போது சாய்வு 25 டிகிரி, அல்லது வினாடிக்கு 3 டிகிரி திரும்பும் அளவு, இரண்டில் எதற்குக் குறைந்த சாய்வு போதுமோ அது. ஜெட் வேகத்தில் எப்போதும் 25 டிகிரிதான் வரும். சாய்வு மாறாமல் இருந்தால் திரும்பும் வட்டத்தின் ஆரம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். அம்மா வந்த விமானம் 250 நாட் உண்மை வேகத்தில் திரும்பியபோது ஆரம் சுமார் 3.6 கிலோமீட்டர். அதாவது அரைவட்டத்தின் அகலமே ஏழு கிலோமீட்டருக்கு மேல். 230-க்குப் பதில் 270 நாட்டில் பறந்தால் ஆரம் 38 சதவீதம் பெரிதாகும். 30,000 அடியில் 265 நாட்டில் சுற்றினால், அங்கே உண்மை வேகம் 400 நாட்டைத் தாண்டிவிடுவதால், ஆரம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். இவ்வளவு இடத்தையும் யோசித்துத்தான் அந்த எல்லைகள்.

பெரிய விமானங்களுக்கு இந்த 230 ஒரு இடைஞ்சல். எடை அதிகமுள்ள 747 போன்றவற்றுக்கு, ஃப்ளாப் இறக்காமல் பறக்கக்கூடிய குறைந்தபட்ச வேகமே 230-ஐ ஒட்டியோ தாண்டியோ போய்விடும். அப்போது இரண்டு வழி. கட்டுப்பாட்டு அறையிடம் கூடுதல் வேகத்துக்கு அனுமதி கேட்கலாம், அல்லது சிறிது ஃப்ளாப் இறக்கலாம். ஃப்ளாப் இறக்கினால் இழுவை கூடும், எண்ணெய்ச் செலவும் கூடும். அதனால் முதலில் கேட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். கடுமையான காற்று ஆட்டத்தில் 20,000 அடிக்குக் கீழேகூட 280 நாட் வரை விதி அனுமதிக்கிறது, ஆனால் அதற்கு முன்கூட்டியே கட்டுப்பாட்டு அறையிடம் சொல்லி அனுமதி வாங்கியாக வேண்டும். சொல்லாமல் செய்தால் உங்களுக்காக வரைந்த எல்லைக்கு வெளியே நீங்கள் போயிருப்பது யாருக்கும் தெரியாது.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். இன்ஜின் சத்தம் ஏறி இறங்கியது கோளாறு அல்ல. 25 டிகிரி சாய்ந்து திரும்பும்போது, உயரம் குறையாமல் இருக்க இறக்கை தன் எடையை விட 10 சதவீதம் அதிகமாகத் தூக்க வேண்டும். நான் மேலே சொன்ன 'தூக்குவதற்கான விலை' அதனால் 20 சதவீதத்துக்கு மேல் கூடும். வேகம் குறையாமல் இருக்க, இன்ஜின் விசையைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ த்ரஸ்ட் இன்ஜினைச் சற்று ஏற்றுகிறது. திருப்பம் முடிந்து நேரானதும் இறக்குகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு திருப்பம், நான்கு சுற்றுக்கு எட்டு. எட்டு முறை சத்தம் ஏறி எட்டு முறை இறங்கியிருக்கும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எண்ணியிருந்தால் சரியாக வந்திருக்கும்.

திருப்பத்தில் ஸ்டால் ஆகாதா என்று உங்கள் மனதில் ஓடியிருக்கலாம். அந்தச் சாய்வில் ஸ்டால் வேகம் கூடுவது 5 சதவீதம்தான். பச்சைப் புள்ளிக்கும் ஸ்டாலுக்கும் நடுவே அதைவிட மிகப் பெரிய இடைவெளி இருக்கிறது. போயிங்கின் கணக்கு இன்னும் வெளிப்படையானது: அந்தக் குறைந்தபட்சத் திரும்பும் வேகத்தில் 25 டிகிரி சாய்வு போதாதென்று தவறுதலாக இன்னும் 15 டிகிரி கூடி 40 ஆனாலும், ஸ்டால் எச்சரிக்கையான கைப்பிடி நடுக்கம் வராத அளவுக்கு இடம் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் காற்று. வேகத்தை மாற்றாமல் காற்றை எப்படிச் சமாளிப்பது? நேரத்தால். 14,000 அடி வரை ஹோல்டிங்கின் ஒவ்வொரு நேர்க்கோட்டுப் பகுதியும் ஒரு நிமிடம், அதற்கு மேலே ஒன்றரை நிமிடம். இது காற்றில்லாத கணக்கு. அன்று 40 நாட் காற்று. மேற்கு நோக்கி, அதாவது ஒவ்வொரு சுற்றும் தொடங்கி முடியும் வானத்துப் புள்ளியை நோக்கி உள்ளே வரும் பகுதி ஒரு நிமிடம் ஆக வேண்டும் என்று வைத்தால், கிழக்கே வெளியே போகும் பகுதியைப் பைலட்டோ கம்ப்யூட்டரோ சுருக்க வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு திருப்பமும் ஒரு நிமிடம் 28 வினாடி ஆகிறது. இரண்டு திருப்பத்திலும் காற்று விமானத்தைக் கிழக்கே கிட்டத்தட்ட இரண்டு கடல் மைல் தள்ளிவிடுகிறது. கணக்குப் போட்டால் வெளியே போகும் பகுதிக்கு வெறும் 19 வினாடிதான் கிடைக்கும். பழைய பைலட்டுகளின் கைக்கணக்கு ஒன்று உண்டு: காற்று ஒரு நாட்டுக்கு ஒரு வினாடி குறை. 60-இல் 40 போக 20. இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு பக்கத்தில் வருவது எனக்கு இன்றும் பிடிக்கும். பக்கவாட்டுக் காற்று என்றால், உள்ளே வரும்போது எவ்வளவு டிகிரி மூக்கைத் திருப்பிச் சரிக்கட்டினார்களோ அதைப்போல் மூன்று மடங்கு வெளியே போகும்போது திருப்புவார்கள். திருப்பங்களில் சரிக்கட்ட முடியாமல் போனதையும் அந்த ஒரு நேர்க்கோட்டிலேயே ஈடுகட்ட வேண்டும், அதனால் மூன்று மடங்கு. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே இதைச் செய்துவிடுகிறது.

கட்டுப்பாட்டு அறை 'இத்தனை மணிக்குப் புள்ளியை விட்டுக் கிளம்பு' என்று சொன்னாலும் இதே கதைதான். வேகத்தை முறுக்கி நேரத்தைப் பிடிக்க முயல்வதில்லை. நேர்க்கோட்டை நீட்டுவதும் குறுக்குவதும்தான் கருவி. வேகம் கிண்ணத்தின் அடியிலேயே இருக்கும்.

ஹோல்டிங்குக்குள் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். அமெரிக்க விதி, புள்ளியை அடைய மூன்று நிமிடம் இருக்கும்போது குறைக்கத் தொடங்கச் சொல்கிறது. ஜெட் விமானம் வழுக்கலானது. ஒரே நேரத்தில் கீழே இறங்கு, வேகத்தையும் குறை என்றால் இரண்டும் ஒன்றாக நடக்காது. இறக்கத்தில் 280-இல் வந்து, புள்ளிக்கு வந்தபிறகு 210-க்குக் குறைக்கலாம் என்று நினைத்தால் முதல் திருப்பமே எல்லைக்கு வெளியே போகும். அனுபவமுள்ளவர்கள் சில மைல் முன்பே உயரம் மாறாமல் பறந்து வேகத்தைக் கரைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள்.

என்னைக் கேட்டால், எண்ணெய் உண்மையாக மிச்சமாகும் இடம் இன்னும் பின்னால் இருக்கிறது. ஞாயிறு மாலை அத்திப்பள்ளியில் வண்டிகள் நகராமல் நிற்கின்றன என்று கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியிலேயே தெரிந்துவிட்டால், விரட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்பதற்குப் பதில் சூளகிரியில் ஒரு டீ குடித்துவிட்டு நிதானமாகப் போகலாம், சேரும் நேரம் ஒன்றுதான். விமானத்தில் அந்த நிதானம் இன்னும் லாபம், ஏனென்றால் அங்கே வரிசையில் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்க முடியாது. கணக்கில் சொல்கிறேன்: தரையிறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே வேகத்தை 8 சதவீதம் குறைத்தால் ஐந்து நிமிடம் பின்தங்கும். அது முழு ஒரு சுற்றுக்கும் மேல். அந்த ஒரு சுற்றின் எண்ணெய் சுமார் 150 கிலோ. ஹோல்டிங்குக்குள் 230-க்குப் பதில் 209-இல் பறந்து நான்கு சுற்றிலும் சேர்த்து மிச்சம் பிடிப்பது சுமார் 12 கிலோ. எது பெரிது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை லண்டன் ஹீத்ரோவில் முறையாகவே செய்கிறார்கள். அந்த விமான நிலையத்தைச் சுற்றி நான்கு ஹோல்டிங் அடுக்குகள் உண்டு. ஒவ்வொன்றிலும் விமானங்கள் ஆயிரம் அடி இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றும், கீழே உள்ளது கிளம்பினால் மேலே உள்ளது ஒரு படி இறங்கும். 2014-இல் தொடங்கிய திட்டத்தில், நெரிசல் கூடினால் 350 கடல் மைல் தொலைவில், பிரான்சு, அயர்லாந்து வானத்திலேயே விமானங்களை மெதுவாக்கச் சொல்கிறார்கள். நம் நாட்டில் உள்நாட்டு விமானங்களுக்குக் கிளம்பும் நேரத்தையே தள்ளிவைத்துத் தரையிலேயே காக்க வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. பயணிகள் அதைத் திட்டுகிறார்கள். மேலே போய்ச் சுற்றுவதை விடத் தரையில் உட்கார்ந்திருப்பது எவ்வளவோ மேல். ஆனால் திடீர் மழைக்கு இந்த எந்த ஏற்பாடும் முழுசாக உதவாது. அம்மாவின் விமானம் சுற்றியதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

மெதுவான வேகமும் ஃப்ளாப்பும் சேர்ந்து எப்படி ஆபத்தாகலாம் என்பதற்கு ஒரு பழைய விபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1994 அக்டோபர் 31. இண்டியானாபொலிஸிலிருந்து சிகாகோ போன அமெரிக்கன் ஈகிள் 4184, ஏடிஆர் 72 ரகம், இப்போது சேலம் காமலாபுரத்துக்கு வந்து போகும் அதே குடும்பத்து விமானம். சிகாகோவில் நெரிசல், 10,000 அடியில் 175 நாட்டில் ஹோல்டிங். உறையும் மழைத்துளிகளுக்குள் அரை மணி நேரத்துக்கு மேல் சுற்றினார்கள். மெதுவாகப் பறந்ததால் மூக்கு நிமிர்ந்திருந்தது, அதைச் சமமாக்க 15 டிகிரி ஃப்ளாப் இறக்கினார்கள். அந்த நிலையில், இறக்கையின் முன்விளிம்பில் பனியை உடைக்கும் ரப்பர் உறைக்குப் பின்னால் பனி முகடாகப் படிந்தது. 8,000 அடிக்கு இறங்கச் சொன்னபோது வேகம் கூடி ஃப்ளாப் எச்சரிக்கை ஒலித்தது, ஃப்ளாப்பை உள்ளே இழுத்தார்கள், இறக்கை மறுபடி நிமிர்ந்தது. பனி முகட்டால் காற்றோட்டம் குலைந்து, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் பலகையான ஐலரான் தானாகவே இழுத்துக்கொண்டது. ஆட்டோ பைலட் கழன்று விமானம் புரண்டது. ரோஸ்லான் என்ற ஊருக்கு அருகே 68 பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த ரகத்தின் ரப்பர் உறைகள் அகலமாக்கப்பட்டன, பனியில் ஃப்ளாப் இறக்கியபடி ஹோல்டிங் செய்வதற்கும் தடை வந்தது. ஏ320 போன்ற ஜெட்களில் இறக்கைக்குச் சூடான காற்றை அனுப்பிப் பனியைத் தடுப்பதால் இந்தக் கதை அப்படியே பொருந்தாது. பனிச்சூழலில் ஹோல்டிங் வேகத்தை எண்ணெய்க் கணக்கு மட்டும் முடிவு செய்யக் கூடாது என்பது எல்லா ரகத்துக்கும் பொருந்தும்.

கடைசியாக, எண்ணெய் தீர்ந்துவிடாதா என்ற பயம். நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்த நான்கு சுற்றிலும் உங்கள் மனதில் அதுதான் ஓடியிருக்கும். ஒரு சுற்று அன்றைய காற்றில் சுமார் நாலேகால் நிமிடம். நான்கு சுற்று 17 நிமிடம், எரிந்தது 600 கிலோவைச் சுற்றி. நாங்கள் போடும் கணக்கில் பெங்களூரு வரை போகும் எண்ணெய், வழியில் எதிர்பாராத செலவுக்குக் கொஞ்சம், பெங்களூரில் இறங்க முடியாமல் சென்னைக்கோ வேறு ஊருக்கோ போக வேண்டியிருந்தால் அதற்கு, இவை எல்லாவற்றுக்கும் அடியில் தொடக்கூடாத 30 நிமிட எண்ணெய். அந்த 30 நிமிடத்தையும் 1,500 அடி உயரத்தில் இதே ஹோல்டிங் வேகத்தில் பறந்தால் எவ்வளவு ஆகும் என்றுதான் கணக்கிடுகிறார்கள். மழை எதிர்பார்க்கும் நாளில் கேப்டன் இதற்கு மேல் ஒரு டன்னோ ஒன்றரை டன்னோ கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்வது சர்வசாதாரணம்.

அந்த 30 நிமிடத்துக்குள் கை வைக்க வேண்டிவரும் என்று தெரிந்த உடனே கேப்டன் அவசர அழைப்புச் சொல்லான மேடேயை மூன்று முறை சொல்லி 'மேடே ஃப்யூல்' என்று அறிவித்தாக வேண்டும். அதற்கு முந்தைய படி 'மினிமம் ஃப்யூல்', இனி தாமதம் செய்தால் அந்த நிலை வரும் என்ற முன்னறிவிப்பு. இந்த இரண்டு சொற்களும் எவ்வளவு தேவை என்பதற்கு 1990 ஜனவரி 25 சாட்சி. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52, போயிங் 707, மூன்று இடங்களில் மொத்தம் 77 நிமிடம் ஹோல்டிங்கில் சுற்றியது. எண்ணெய் குறைகிறது என்று குழுவினர் சொன்னார்கள், ஆனால் அவசரநிலை என்று அறிவிக்கவே இல்லை. இறங்கும் முதல் முயற்சி தவறியபின் இன்ஜின்கள் அணைந்து லாங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். இன்று 17 நிமிடச் சுற்றுக்குப் பிறகும் சென்னைக்குப் போகும் எண்ணெயும் அதன்மேல் 30 நிமிடமும் தொட்டுப் பாராமல் கிடக்கும். அது குறைகிற மாதிரித் தெரிந்தால் ஐந்தாவது சுற்றுக்கு முன்பே கேப்டன் மூக்கைச் சென்னை பக்கம் திருப்பியிருப்பார், நீங்களும் அம்மாவை அழைத்துவர மீனம்பாக்கம் போயிருப்பீர்கள்.